68–95–99.7 விதியை மாவு பாக்கெட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது. கொளத்தூரில் இட்லி மாவு அரைத்து ஒரு கிலோ பாக்கெட்டாகப் போடுகிறார் ஒருவர். ஒரு நாளைக்கு 400 பாக்கெட். எடைகளின் சராசரி 1006 கிராம், திட்ட விலக்கம் (எடைகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 6 கிராம். புள்ளியியல் படிக்கும் மகள், “68–95–99.7 விதியிலேயே கணக்குப் போட்டுவிடலாம், அட்டவணைகூட வேண்டாம்” என்கிறார். ஒரு கிலோவுக்குக் குறைவாக எத்தனை பாக்கெட் போகும்? உண்மையான கடை எடைகளுக்கு இந்த விதியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதல் கேள்விக்கு விடை: நாளைக்குச் சுமார் 64 பாக்கெட். இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த விதியில் கணக்கு மிக எளிது. அதைப் போடலாமா என்று தீர்மானிப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் கணக்கைச் சுருக்கமாகவும் சரிபார்ப்பை விரிவாகவும் சொல்கிறேன்.

விதி சொல்வது: தரவு இயல்நிலைப் பரவலை, அதாவது நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரேபோலச் சரியும் மணி வடிவத்தைப் பின்பற்றினால், சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத் தூரத்துக்குள் 68%, இரண்டு விலக்கத்துக்குள் 95%, மூன்றுக்குள் 99.7% மதிப்புகள் அடங்கும். இன்னும் துல்லியமாக 68.27, 95.45, 99.73. மணி வடிவ வளைகோட்டின் கீழுள்ள பரப்பிலிருந்து வரும் எண்கள் இவை. பிளஸ் டூ கணக்கில் கலப்பெண்களோடு நாம் பார்த்த அதே டி மாய்வர், நாணயம் சுண்டும் கணக்குகளைச் சுருக்கப்போய் 1733இல் இந்த வளைகோட்டை முதலில் எட்டினார். ‘அனுபவ விதி’ என்று பெயர் இருந்தாலும் இது வெறும் அனுபவத்தில் கண்டதல்ல. மணி வடிவம் இருந்தால் இந்த விகிதங்கள் வந்தே தீரும். வடிவம் இல்லையென்றால் வரவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

உங்கள் எண்களைப் போடுவோம். ஒரு விலக்கம் என்றால் 1000 முதல் 1012 கிராம் வரை. இரண்டு என்றால் 994 முதல் 1018. மூன்று என்றால் 988 முதல் 1024. இந்த ஏழு எண்களையும் (நடுவில் 1006) ஒரு கோட்டில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் அதன் பங்கை எழுதிவிடுங்கள். இடப்பக்கம் இப்படி இருக்கும்:

988க்குக் கீழே: 0.15%
988 முதல் 994 வரை: 2.35%
994 முதல் 1000 வரை: 13.5%
1000 முதல் 1006 வரை: 34%

கூட்டினால் சரியாக 50 வருகிறது. வலப்பக்கம் இதன் பிரதி. இந்தக் கோடு கையில் இருந்தால் இத்தகைய கேள்வி எதற்கும் கூட்டலும் கழித்தலும் போதும். 1000க்குக் கீழே: 13.5 + 2.35 + 0.15 = 16%. 400இல் 64 பாக்கெட். 994க்குக் கீழே: 2.5%, அதாவது 10 பாக்கெட். 994க்கும் 1012க்கும் இடையில்: 13.5 + 34 + 34 = 81.5%, 326 பாக்கெட். 1012க்கு மேல் மறுபடி 16%.

இங்கே மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. “95% உள்ளே இருக்கிறது, ஆகவே 994க்குக் கீழே 5%” என்று எழுதிவிடுவார்கள். அந்த 5% வளைகோட்டின் இரண்டு ஓரங்களுக்கும், அதாவது இரண்டு வால்களுக்கும் பொதுவானது. பாதி 994க்குக் கீழே, பாதி 1018க்கு மேலே. ‘குறைவாக’, ‘அதிகமாக’ என்று ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் கேள்வி என்றால் வாலை இரண்டாக வகுக்க வேண்டும். ‘இடையில்’ என்று கேட்டால் வகுக்கக்கூடாது. கோட்டை வரைந்து, கேட்ட பகுதியை நிழலிட்டுவிட்டு எண்ணைத் தொட்டால் இந்தத் தவறு வராது.

இன்னொரு சிக்கல், கேட்ட எண் கோட்டின் குறியில் சரியாக விழாதபோது. 1015 கிராமுக்கு மேல் எத்தனை சதவீதம்? 1015 என்பது ஒன்றரை விலக்கம். 1012க்கு மேல் 16%, 1018க்கு மேல் 2.5%, ஆகவே நடுவில் 9.25% என்று சராசரி போடத் தோன்றும். உண்மையான விடை 6.7%. வளைகோடு அங்கே வேகமாகச் சரிகிறது. நேர்கோட்டுக் கணக்கு செல்லாது. முழு எண் விலக்கங்களைத் தவிர மற்ற இடங்களில் இந்த விதி ‘இதற்கும் அதற்கும் இடையில்’ என்றுதான் சொல்லும். சரியான எண் வேண்டுமென்றால் மதிப்பிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அல்லது எக்செலில் நார்ம்.டிஸ்ட் சூத்திரத்தைப் போட வேண்டும். தேர்வில் ‘அட்டவணையைப் பயன்படுத்துக’ என்று இருந்தால் 34% என்று எழுதாமல் 0.3413 என்று எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். இரண்டு விலக்கத்துக்கு 95% என்பதும் சற்றே முழுமைப்படுத்தியதுதான். மிகச்சரியாக 95% அடங்குவது 1.96 விலக்கத்துக்குள்.

இனி, 1006, 6 என்ற இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். விதிக்குள் போகும் சரக்கு இவை இரண்டுதான். இவை தவறினால் எல்லாம் தவறும்.

கையால் போட்டுப் பார்க்க ஐந்து பாக்கெட் எடுத்துக்கொள்வோம்: 998, 1003, 1006, 1009, 1014. கூட்டல் 5030, சராசரி 1006. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகும் தூரம்: −8, −3, 0, 3, 8. வர்க்கங்கள்: 64, 9, 0, 9, 64, கூட்டினால் 146. இதை 5ஆல் அல்ல, ஒன்று குறைத்து 4ஆல் வகுக்க வேண்டும்: 36.5. வர்க்கமூலம் 6.04. ஐந்தால் வகுத்திருந்தால் 5.40 வந்திருக்கும். ஏன் ஒன்று குறைக்கிறோம்? உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. அந்த ஐந்து எடைகளிலிருந்தே எடுத்த சராசரியைச் சுற்றி அளக்கிறோம். அந்த எடைகளுக்கு அவற்றின் சொந்தச் சராசரிதான் மிக நெருக்கமான புள்ளி, அதனால் விலகல்கள் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். அதை ஈடுகட்டவே இந்தக் குறைப்பு. எக்செலில் எஸ் என்று முடியும் ஸ்டிடெவ் சூத்திரம் இதைச் செய்யும். பி என்று முடிவது முழுத்தொகுதிக்கானது. கடையில் எடுத்த மாதிரிக்கு எப்போதும் எஸ்.

ஐந்து பாக்கெட் கணக்குப் பழகத்தான். முடிவெடுக்க அது போதவே போதாது. பத்து பாக்கெட்டிலிருந்து எடுத்த திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ 24% பிழை இயல்பாகவே இருக்கும். முப்பதில் 13%, ஐம்பதில் 10%. ஐம்பது எடுத்தாலும் உங்கள் 6 கிராம் என்பது உண்மையில் 5.4 ஆகவோ 6.6 ஆகவோ இருப்பது சர்வ சாதாரணம். இது எங்கே கடிக்கும் என்றால், நடுவில் அல்ல, வாலில். உண்மை விலக்கம் 7 என்று வைத்துக்கொண்டால், 1000க்குக் கீழே போவது 16இலிருந்து சுமார் 20% ஆகிறது. பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் 985க்குக் கீழே போவது 0.023%இலிருந்து 0.135% ஆகிறது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அந்த 985ஐச் சும்மா எடுக்கவில்லை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் ஒரு கிலோ பொட்டலத்துக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடைக்குறைவு 15 கிராம். தொழில் செய்பவருக்கு உண்மையில் முக்கியமான எல்லை வாலில்தான் இருக்கிறது. விதியின் நம்பகம் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். மூன்று விலக்கத்துக்கு அப்பால் எந்தச் சதவீதத்தையும் ‘இந்த அளவில்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரத்தில் இத்தனை என்று சத்தியம் செய்யாதீர்கள்.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். காலையில் முதல் அண்டாவிலிருந்து வரிசையாக ஐம்பது பாக்கெட்டை எடைபோட்டால் அந்த அண்டாவைப் பற்றித்தான் தெரியும். எட்டு பாக்கெட்டுக்கு ஒன்று என்று நாள் முழுக்க எடுத்தால் 400இல் 50 கிடைக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் நேரம், அண்டா எண், போட்டவர் யார் என்பதையும் எழுதிவையுங்கள். காலிக் கவரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்குங்கள். கவரின் எடையும் சேர்ந்து வந்தால் சராசரி முழுவதும் ஏமாற்றும். தராசு ஒரு கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும். ஐந்து ஐந்து கிராமாகக் காட்டும் தராசில் 1000 என்று தெரிவது உண்மையில் 997.5க்கும் 1002.5க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். அதில் 1000, 1005, 1010 என்று காட்டியவற்றை எண்ணி ‘ஒரு விலக்கத்துக்குள் இத்தனை’ என்றால் 68க்குப் பதில் 78% வரும். மாவில் குற்றமில்லை, பரவலில் குற்றமில்லை. தராசின் படிதான் காரணம்.

இப்போது சரிபார்ப்பு. ஐம்பது எடையும் கையில் இருக்கின்றன. முதலில் ஐந்து கிராம் அகலத்தில் பிரித்து நிகழ்வுச் செவ்வகம் வரையுங்கள், காகிதத்தில் கோடு கோடாகப் போட்டாலே போதும். நடுவில் ஒரே மேடு, இருபுறமும் ஏறத்தாழ ஒரே சரிவு இருக்க வேண்டும். எடைகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எடையான இடைநிலை அளவைப் பாருங்கள்; சராசரிக்கு ஓரிரு கிராமுக்குள் இருக்க வேண்டும். அடுத்து விதியைத் திருப்பிப் பிடியுங்கள். உங்கள் சொந்தச் சராசரி, விலக்கத்தை வைத்து எத்தனை எடை உள்ளே விழுகிறது என்று எண்ணுங்கள். 50இல் 34 ஒரு விலக்கத்துக்குள், 47 அல்லது 48 இரண்டுக்குள், அநேகமாக எல்லாமே மூன்றுக்குள் இருக்க வேண்டும். 34 என்பது சரியாக 34 ஆக இருக்க வேண்டியதில்லை. ஐம்பது என்ற சிறிய எண்ணிக்கையில் 28 முதல் 40 வரை வந்தாலும் தற்செயல்தான். 31 வந்ததும் “பரவல் இயல்நிலை அல்ல” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தரவு இயல்நிலைதானா என்று பார்க்கும் ஷாபிரோ–வில்க் போன்ற சோதனைகள் மென்பொருளில் இருக்கின்றன. அவற்றைப் போடுவதில் தவறில்லை. ஆனால் பத்து எடைகளில் அவை உண்மையான கோணலையே கவனிக்காமல் விடும். பத்தாயிரத்தில் நடைமுறைக்கு ஒன்றுமில்லாத கோணலுக்கும் சிவப்புக் கொடி காட்டும். படத்தைப் பார்த்துவிட்டுச் சோதனையைப் பாருங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

மாவு பாக்கெட்டில் மணி வடிவம் கெடுவதற்கு நல்ல காரணங்கள் பல உண்டு. முதலாவது, அளந்து ஊற்றும் பழக்கம். மாவு புளிக்கப் புளிக்கக் காற்றுக் குமிழி சேர்ந்து பொங்கும். அதே மக்கில் ஊற்றினால் எடை குறையும். சென்னை வெயிலில், அதுவும் மே மாதத்தில், காலையில் அரைத்த உடனே ஊற்றுவதும் பத்து மணிக்கு ஊற்றுவதும் ஒன்றல்ல. இது ஒரு மணி அல்ல, நகர்ந்துகொண்டே போகும் மணி. எடைகளை நேர வரிசையில் புள்ளியாக வைத்தால் சரிவு கண்ணுக்குத் தெரியும். செவ்வகப்படத்தில் மட்டும் பார்த்தால் அகலமான ஒரு மேடாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

இரண்டாவது, இரண்டு பேர் ஊற்றுவது. ஒருவர் கை இறுக்கம், சராசரி 1000. இன்னொருவர் கை தாராளம், சராசரி 1012. இருவருக்கும் விலக்கம் 3 கிராம், ஆளுக்குப் பாதிப் பாக்கெட். கலந்து கணக்குப் போட்டால் சராசரி 1006, விலக்கம் 6.7. உங்கள் எண்களைப் போலவே இருக்கிறது அல்லவா? ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு விலக்கத்துக்குள் 59% மட்டும், இரண்டுக்குள் 99%. முதல் எண் 68ஐவிடக் குறைவு, இரண்டாவது 95ஐவிட அதிகம். இந்த ஜோடி தெரிந்தால் இரண்டு கூட்டம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதோடு 1000க்குக் கீழே போவதும் 16% அல்ல, 25%. முதல் ஆள் போடும் பாக்கெட்டில் பாதி குறைவாகவே போகிறது, இரண்டாமவர் போடுவதில் ஒன்றுகூடக் குறைவதில்லை. சராசரி, விலக்கம் என்ற இரண்டு எண்கள் இந்தக் கதையை முழுவதும் மறைத்துவிடும். விதியோடு ஒப்பிட்டு எண்ணினால்தான் வெளியே வரும். என் கணிப்பில் இந்த விதியின் ஆகச்சிறந்த பயன் இதுதான். விடை கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துவதைவிட, தரவில் எங்கோ கோளாறு என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்துவது அதிகப் பலன் தரும்.

மூன்றாவது, நல்லெண்ணத்தில் நடக்கும் திருத்தம். தராசில் 996 என்று காட்டினால் யாராக இருந்தாலும் இன்னும் ஒரு கரண்டி மாவு விடுவார்கள். விடத்தான் வேண்டும். ஆனால் அப்படித் திருத்திய பின் எடுத்த எடைகளில் இடது வாலே இருக்காது. 1000க்குச் சற்று மேலே ஒரு சுவர் போல நிற்கும். அதில் விதியைப் போட்டால் இல்லாத பாக்கெட்டுகளைக் குறைவு என்று சொல்லும். ஆய்வுக்காக எடுக்கும் ஐம்பதை மட்டும் திருத்துவதற்கு முன் எழுதிக்கொண்டு, பிறகு சரிசெய்து அனுப்புங்கள்.

சில தரவுகளில் இவ்வளவு சோதனைகூட வேண்டாம். முதல் பார்வையிலேயே விதியை ஒதுக்கிவிடலாம். சென்னையின் தினசரி மழை அப்படிப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் நாளொன்றுக்குச் சராசரி 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பெரும்பாலான நாட்களில் சொட்டுகூட விழாது. வடகிழக்குப் பருவத்தில் சில நாட்கள் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 29 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. இப்படிப்பட்ட தரவில் திட்ட விலக்கம் சராசரியைவிடப் பெரிதாக வரும். சராசரியிலிருந்து ஒரு விலக்கம் கழித்தாலே மழை எதிர்மறையாகிவிடும். எதிர்மறை மழை என்று ஒன்று இல்லை. கடைப்பிடிக்க எளிய சோதனை இது: சராசரியிலிருந்து இரண்டு விலக்கம் கழித்தால் நடக்கவே முடியாத எண் வருகிறதா? வந்தால் விதியை மூடி வையுங்கள். வீட்டு வாடகை, மாத வருமானம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், மின்கட்டணம் எல்லாம் இதே இனம். சுலபமான வினாத்தாளின் மதிப்பெண்களும் மணியாக வராது. 100 என்ற கூரையில் முட்டி வலப்பக்கம் குவியும்.

வடிவம் தெரியவில்லை என்றாலும் எதுவுமே சொல்ல முடியாது என்றில்லை. செபிஷேவ் சமனின்மை எந்தப் பரவலுக்கும் செல்லும்: இரண்டு விலக்கத்துக்குள் குறைந்தது 75%, மூன்றுக்குள் குறைந்தது 88.9%. ஒரு விலக்கத்துக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. 95க்குப் பதில் 75 என்பது பலவீனமாகத் தோன்றும். ஆனால் அது நிபந்தனையற்ற உறுதி.

வடிவம் சரி என்று தெரிந்த பிறகு விதியைப் பின்னோக்கி ஓட்டலாம். கடைக்காரருக்குக் காசு மிச்சமாவது இந்த இடத்தில். “1000க்குக் கீழே போவது 16% என்பது அதிகம், 2.5%க்குள் கொண்டுவர வேண்டும்” என்று வைத்துக்கொள்வோம். 2.5% வால் தொடங்குவது சராசரிக்கு இரண்டு விலக்கம் கீழே. அந்த இடத்தில் 1000 நிற்க வேண்டுமென்றால் சராசரி 1000 + 12 = 1012 ஆக இருக்க வேண்டும். அதாவது பாக்கெட்டுக்கு 6 கிராம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 400 பாக்கெட்டுக்கு நாளைக்கு 2.4 கிலோ, மாதத்துக்கு 72 கிலோ மாவு. இன்னொரு வழி: சராசரியை 1006இலேயே விட்டுவிட்டு விலக்கத்தை 6இலிருந்து 3 ஆக்குவது. இரண்டு விலக்கம் இப்போது 6 கிராம். 1000 அதே இடத்தில் நிற்கிறது. குறைவு அதே 2.5%. ஒரு கரண்டி மாவுகூடக் கூடுதலாகப் போகவில்லை. அண்டாவை ஊற்றுவதற்கு முன் அடிவரை கலக்குவது, மக்கால் அளப்பதை விட்டுத் தராசில் வைத்தே நிரப்புவது, இரண்டு பேரும் ஒரே இலக்கு எண்ணை வைத்துக்கொள்வது ஆகியவற்றாலேயே விலக்கம் கணிசமாகக் குறையும். எடைக்குறைவுப் புகார் வந்ததும் பலரும் முதலில் சராசரியை ஏற்றுகிறார்கள். விலக்கத்தைக் குறைப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. அது முடியாத அளவுக்குத்தான் சராசரியை ஏற்ற வேண்டும்.

சராசரி இறங்குவதையும் கவனிக்க வேண்டும். 1006 என்பது 1003 ஆனால் வெறும் 3 கிராம்தானே என்று தோன்றும். 1000 இப்போது அரை விலக்கத் தூரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே போவது 31%. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

மூன்று விலக்கத்துக்கு வெளியே ஒரு பாக்கெட் வந்தால்? 0.27% என்பது 370இல் ஒன்று. ஓரிரு பாக்கெட்டை மட்டும் எடைபோட்டு அதில் ஒன்று 986 காட்டினால் உடனே அண்டாவையும் தராசையும் பாருங்கள். ஆனால் நாளைக்கு 400 பாக்கெட்டையும் எடைபோடுகிறவருக்கு அப்படி ஒன்று சராசரியாக நாளுக்கொன்று வருவதே இயல்பு. பல நாள் தொடர்ந்து ஒன்றுகூட வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தபோது மூன்று விலக்க எல்லையைத் தேர்ந்தது, வீண் எச்சரிக்கைக்கும் தவறவிடும் கோளாறுக்கும் இடையில் செலவு கட்டுப்படியாகும் இடம் என்பதால்தான். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் உதிரிபாகம் கடையும் பட்டறைகளில் இன்றும் சுவரில் தொங்குவது அந்த வரைபடத்தின் வழித்தோன்றல்தான். உங்கள் கடைக்கும் ஒரு தாள் போதும்: 1006இல் ஒரு கோடு, 988இலும் 1024இலும் இரண்டு கோடு, அரை மணிக்கு ஒரு புள்ளி. கோட்டைத் தாண்டுவது மட்டுமல்ல, ஏழெட்டுப் புள்ளி தொடர்ந்து 1006க்கு ஒரே பக்கம் விழுந்தாலும் சராசரி நகர்ந்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக, மொத்தமாக வாங்கும் ஓட்டல்காரர்களின் கணக்கு. 25 பாக்கெட் அடங்கிய பெட்டி என்றால் சராசரி 25 × 1006 = 25,150 கிராம். விலக்கத்தையும் 25ஆல் பெருக்கி 150 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. கூடுதல் ஒன்றைக் குறைவு ஒன்று ஈடுகட்டுவதால் விலக்கம் வர்க்கமூல அளவில்தான் வளரும்: 6 × 5 = 30 கிராம். ஆகவே 95% பெட்டிகள் 25,090க்கும் 25,210க்கும் இடையில் இருக்கும். 25 கிலோ என்ற எல்லை சராசரிக்கு ஐந்து விலக்கம் கீழே இருக்கிறது. பெட்டியாக வாங்குகிறவர் எடைக்குறைவைக் காணவே மாட்டார், உள்ளே இருக்கும் 25இல் சராசரியாக நான்கு பாக்கெட் ஒரு கிலோவுக்குக் குறைந்திருந்தாலும். ஒற்றைப் பாக்கெட் வாங்கும் வீட்டுக்காரர்தான் புகார் சொல்வார். அவர் சொல்வதும் சரி, ஓட்டல்காரர் திருப்தியாக இருப்பதும் சரி.

ஆனால் இந்த வர்க்கமூலக் கணக்கு, ஒரு பாக்கெட்டின் விலகல் அடுத்ததைச் சாராதபோதுதான் செல்லும். ஒரு பெட்டி முழுவதையும் பொங்கிய ஒரே அண்டாவிலிருந்து மக்கால் ஊற்றினால் எல்லாப் பாக்கெட்டும் சேர்ந்தே குறையும், ஒன்று இன்னொன்றை ஈடுகட்டாது. இதைக் கண்டுபிடிக்க இருபது, முப்பது பெட்டிகளை முழுதாக எடைபோட்டு அவற்றின் திட்ட விலக்கத்தைப் பாருங்கள். 30 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் பாக்கெட்டுகள் ஒன்றையொன்று சாராமல் நிரம்புகின்றன. 80, 100 என்று வந்தால் கோளாறு தனித்தனிப் பாக்கெட்டில் இல்லை, அண்டாவுக்கும் அண்டாவுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. அப்போது அண்டாவாரியாகச் சராசரியைத் தனித்தனியே எழுதி, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.